பள்ளி நாளும் தொலைக்காட்சியும்



பள்ளி நடைபெறும் நாள்களில் பிள்ளைகள் தொலைக்காட்சி பார்க்கலாமா, கூடாதா? இதுவே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். 'கூடவே கூடாது' என்று சொல்லும் பெற்றோர் ஒரு பக்கம் இருக்கின்றனர். 'பார்த்தால் என்ன கெட்டுவிடும்?' என்று கேட்கும் பிள்ளைகள் மற்றொரு பக்கம் இருக்கின்றனர். இரு பக்கத்து வழக்கையும் பொறுமையாகக் கேட்டு ஒரு முடிவு காண முயல்வோம்.

வானொலி நிலையத்தில் அமர்ந்துகொண்டு தொலைக்காட்சியைப் பற்றிப் பேசுவது, மாமியாரிடம் சென்று மருமகளின் குணத்தை விசாரிப்பது போன்றது என்று சிலர் நகைக்கக்கூடும். உண்மையில் இருவரும் ஒரே வீட்டில் பிறந்தவர்கள். 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தில்லியில் தொலைக்காட்சி தொடங்கியபோது, அகில இந்திய வானொலியின் ஓர் உறுப்பாகவே தொடங்கியது. 1976-இல்தான் தூர்தர்ஷன் என்ற பெயருடன் தனிக்குடித்தனம் சென்றது. ஆகவே, தங்கையைப் பற்றி அக்காள் வீட்டிலிருந்து பேசும் பேச்சாக இதனைக் கொள்ளுங்கள். பகையுணர்ச்சி இதில் இல்லை.

பகை கொள்ளக் காரணமும் இல்லை. நம் நாட்டில் தொலைக்காட்சி, பள்ளிப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டே நடை பழகியது. 1961-இலேயே தில்லிப் பள்ளிகளுக்கெனப் பாட ஒளிபரப்புத் தொடங்கிற்று. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணையால், ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்கு நிகழ்ச்சிகள் சென்றன. அவற்றில் காலை நேரம் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. 2019-இல் தமிழ்நாட்டு அரசு கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, இணையம் எட்டாத பல வீடுகளுக்குப் பாடம் அந்தப் பெட்டியின் வழியாகவே வந்தது. பெட்டியே தீயது என்போர் இவற்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனி, அறிஞர்கள் கண்டதைக் கேட்போம். மேற்குக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் ஒரு சிற்றூர். பள்ளத்தாக்கில் அமைந்திருந்தமையால், ஏனைய ஊர்களுக்குத் தொலைக்காட்சி வந்த பிறகும் அவ்வூருக்கு மட்டும் அலைகள் எட்டவில்லை. 1973-இல் அங்கும் தொலைக்காட்சி வரப்போகிறது என்று அறிந்த டானிஸ் மெக்பெத் வில்லியம்ஸ் என்னும் உளவியல் அறிஞரும் அவர் குழுவினரும், அது வருவதற்கு முன்பே சென்று அவ்வூர்ப் பிள்ளைகளை ஆராய்ந்தனர். ஈராண்டு கழித்து மீண்டும் சென்றனர். ஒரு பொருளை இன்னும் எத்தனை வகையில் பயன்படுத்தலாம் என்று கேட்டால், முன்பு அவ்வூர்ப் பிள்ளைகள் அண்டை ஊர்ப் பிள்ளைகளைவிட மிகுதியாக விடை கூறினர். தொலைக்காட்சி வந்த ஈராண்டில் அந்த மேன்மை மறைந்தது. விளையாடும் இடத்தில் அடிதடியும் வசைமொழியும் பெருகின. இவ்வாராய்ச்சி 1986-இல் நூலாக வெளிவந்தது.

இதனைக் கேட்டதும், 'நாங்கள் சொன்னது சரியாயிற்று' என்று பெற்றோர் மகிழ்வர். சற்றுப் பொறுங்கள். அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே செயின்ட் ஹெலினா என்றொரு தீவு உண்டு. நெப்போலியன் சிறையிருந்து உயிர் நீத்த தீவு என்று வரலாற்றில் படித்திருப்பீர்கள். அங்குத் தொலைக்காட்சி 1995-இல்தான் வந்தது. அங்கும் பள்ளி விளையாட்டிடத்தில் பிள்ளைகளின் நடத்தையை முன்னும் பின்னும் ஆராய்ந்தனர். நடத்தை கெட்டதாகத் தெரியவில்லை. ஒருவரையொருவர் அறிந்து வாழும் சிறிய சமூகம் அது; பிள்ளை வழி தவறினால் தட்டிக் கேட்கப் பெரியவர்கள் இருந்தனர்.

மூன்றாவதாக ஒன்றும் சொல்லவேண்டும். அமெரிக்காவில் எல்லா நகரங்களுக்கும் ஒரே ஆண்டில் தொலைக்காட்சி வரவில்லை. சிலவற்றுக்கு முந்தியும் சிலவற்றுக்குப் பிந்தியும் வந்தது. இந்த வேறுபாட்டைப் பயன்படுத்தி, ஜென்ட்ஸ்கோ, ஷபீரோ என்னும் பொருளியல் அறிஞர் இருவர், அக்காலப் பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண்களை ஒப்பிட்டு 2008-இல் தம் முடிவை வெளியிட்டனர். தொலைக்காட்சியால் மதிப்பெண் குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. வீட்டில் ஆங்கிலம் பேசாத குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சிறிது நன்மையே விளைந்ததாகத் தெரிந்தது.

ஓர் ஆய்வு தீமை என்கிறது. ஓர் ஆய்வு தீமையில்லை என்கிறது. மற்றொன்று சிலர்க்கு நன்மை என்கிறது. இவை ஒன்றோடொன்று முரண்படுவன போலத் தோன்றும். ஆனால் மழை ஒன்றாயினும் எல்லா நிலத்திலும் ஒரே பயிர் விளைவதில்லை அன்றோ? வீட்டில் என்ன இருந்தது, தொலைக்காட்சி வந்து எதனை வெளியே தள்ளியது என்பதைப் பொறுத்தே பயன் அமைகிறது. வீட்டில் கேட்க முடியாத மொழியைப் பெட்டி தந்தால், அது வரவு. பிள்ளை தானாகப் புனைந்து ஆடிய ஆட்டத்தின் இடத்தைப் பெட்டி பிடித்துக்கொண்டால், அது செலவு.

ஆதலின் வரவு செலவுக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். நாளுக்கு இருபத்துநான்கு மணி. பள்ளியும் போக்குவரவும் ஏழு மணி. குளியல், உணவு, வீட்டு வேலை ஆகியவற்றுக்கு மூன்று மணி. வீட்டுப்பாடத்துக்கு இரண்டு மணி. உறக்கத்துக்கு எத்தனை? ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை ஒன்பது மணி முதல் பன்னிரண்டு மணி வரையும், பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை எட்டு மணி முதல் பத்து மணி வரையும் வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவ அறிஞர்கள் 2016-இல் வரையறுத்தனர். ஒன்பது என்றே வைத்துக்கொள்வோம். கூட்டினால் இருபத்தொன்று. எஞ்சியவை மூன்று மணி.

இந்த மூன்று மணி நேரந்தான் ஒரு மாணவனுக்கு அவனுக்கென்று உள்ள சொத்து. விளையாட்டு இதற்குள், நண்பனோடு உரையாடல் இதற்குள், பாடநூல் அல்லாத ஒரு நூலைப் படிப்பது இதற்குள், பாட்டியிடம் பழங்கதை கேட்பதும் இதற்குள். இதில் அரைமணி தொலைக்காட்சிக்குக் கொடுத்தால் சொத்து அழிந்துவிடாது. மூன்று மணியையும் கொடுத்தால் விளையாட்டும் பேச்சும் போகும். நான்கு மணி கொடுத்தால் உறக்கத்திலிருந்து கடன் வாங்கவேண்டும். அந்தக் கடனை மறுநாள் முதற்பாட வேளையில், ஆசிரியர் கண்முன்னே, கொட்டாவியாகத் திருப்பிச் செலுத்துகிறீர்கள். பகலில் கற்றதை மூளை பதித்துக்கொள்ள இரவு உறக்கம் பெரிதும் உதவுகிறது. உறக்கத்தைக் குறைத்துக் கற்பவன், ஓட்டைக் குடத்தில் நீர் சுமப்பவன்.

இந்த உண்மையை அரசுகளே உணர்ந்து நடந்த காலம் உண்டு. இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிரிட்டனில் மாலை ஆறு மணி முதல் ஏழு மணி வரை தொலைக்காட்சி ஒளிபரப்பே இல்லை. சிறுவர் நிகழ்ச்சி முடிந்துவிட்டது, இனிக் குழந்தைகளை உறங்க வைக்கலாம் என்பதற்காக விட்ட இடைவெளி அது. 1957 பிப்ரவரியில் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. விளம்பர வருவாய் போகிறதே என்று வணிகத் தொலைக்காட்சியார் முறையிட்டது ஒரு காரணம். பிள்ளைகளை உறங்க வைப்பது பெற்றோர் கடமையே அன்றி அரசின் கடமை அன்று என்று, அப்போது ஒளிபரப்புக்கும் பொறுப்பாயிருந்த அஞ்சல் துறை அமைச்சர் கருதியது மற்றொரு காரணம். ஐஸ்லாந்து நாட்டிலோ, 1987 வரை வியாழக்கிழமைதோறும் தொலைக்காட்சிக்கு விடுமுறை. அன்று மக்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் சென்றனர்.

இன்று அத்தகைய இடைவெளி எங்கும் இல்லை. நூற்றுக்கணக்கான அலைவரிசைகள் இரவு பகலாக ஓடுகின்றன. பெட்டியை அணைத்தாலும் அதே காட்சிகள் கைபேசியில் வருகின்றன. ஒன்று முடியுமுன் அடுத்தது தானே தொடங்குகிறது. கண்ணருகே பிடித்த அந்த ஒளி, உறக்கத்தை அழைக்கும் சுரப்பையும் தாமதப்படுத்துகிறது. நிலையம் கதவை மூடாது. எனவே கதவை மூடும் பொறுப்பு வீட்டின்மேல் விழுந்திருக்கிறது. வீட்டில் யார் மூடுவது?

நான் ஆசிரியனாகப் பணியாற்றிய பள்ளியில் ஒன்பதாம் வகுப்பாருக்கு, 'நேற்று மாலை ஆறு முதல் பத்து வரை' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு மாணவி எழுதியிருந்தாள்: 'எங்கள் வீடு ஒரே அறை. ஏழு மணிக்குத் தொடர்கதை தொடங்கும். நான் காதைப் பொத்திக்கொண்டு படிப்பேன். பிறகு படுத்துவிடுவேன், மூன்று மணிக்கு எழுந்து படிப்பேன். பெட்டியை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வராது.' 2006 முதல் 2011 வரை தமிழ்நாட்டு அரசு ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு விலையின்றி வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி வழங்கியது. பெட்டி வந்தது, அதனை வைக்கத் தனி அறை பல வீடுகளில் வரவில்லை. 'பிள்ளைகள் பார்க்கலாமா?' என்று நாம் கேட்கிறோம். பார்க்க விரும்பாத பிள்ளையும் கேட்டே தீரவேண்டிய வீடுகள் உள்ளன.

அம்மாணவியின் தாயார் மதிப்பெண் பட்டியலில் கையொப்பமிட வந்தபோது கட்டுரையைப் படித்துக் காட்டினேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நாள் முழுதும் தையல் ஆலையில் நின்று வேலை செய்கிறேன், ஐயா. அந்தக் கதை ஒன்றுதான் எனக்கு இளைப்பாறல். அதையும் விட்டுவிடச் சொல்கிறீர்களா?" என்று கேட்டார். விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரே வழி கண்டார். ஏழு முதல் எட்டரை வரை பெட்டி ஓடாது. அதன்பின் ஒரே ஒரு கதையை மகளும் தாயும் சேர்ந்து பார்ப்பது. ஒன்பது மணிக்கு விளக்கணைப்பது. அந்தப் பெண் விடியற்காலை மூன்று மணிக்கு எழுவதை நிறுத்தினாள். தொலைக்காட்சியை முற்றும் ஒழித்து இதனைச் செய்யவில்லை. அதற்கு நேரம் வகுத்துச் செய்தார்கள்.

ஆகவே என் முடிவு இது. பள்ளி நாள் முழுமைக்கும் தடை வேண்டியதில்லை. 2023 ஆகஸ்டு 23-ஆம் நாள் மாலை ஆறு மணியைக் கடந்த சில நிமிடங்களில் சந்திரயான்-3 நிலவின் தென்முனைப் பகுதியில் இறங்கியது. அத்திட்டத்தை இயக்கிய வீரமுத்துவேல் நம் விழுப்புரத்தில் பிறந்தவர். அன்று புதன்கிழமை, பள்ளி நாள். தடையைச் சொல்லி அன்று பெட்டியை மூடிய வீடு எதனை இழந்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

நாளுக்குத் தடை வேண்டாம். நேரத்துக்குக் காவல் வேண்டும். எதைப் பார்ப்பது என்று முடிவு செய்த பிறகே பெட்டியைத் திறவுங்கள், திறந்துவிட்டுத் தேடாதீர்கள். படிப்பு முதலில், காட்சி பின்னர். உறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னே பெட்டியும் கைபேசியும் ஓயட்டும். இந்த விதி சிறியவர்க்கு மட்டும் அன்று, பெரியவர்க்கும் உரியது. தாம் பார்த்துக்கொண்டே பிள்ளையைப் பார்க்காதே என்பது, விருந்து பரிமாறிவிட்டு உண்ணாதே என்பதை ஒக்கும்.

கல்லூரி மாணவர்களே! உங்களுக்குப் பெட்டியை அணைத்து வைக்க இனி ஒருவரும் வரமாட்டார். ஆனால் உங்கள் வீட்டில் படிக்கும் தம்பியோ தங்கையோ இருக்கக்கூடும். அறிவுரை கூறவேண்டா, அவர்கள் படிக்கும் அந்த ஒன்றரை மணி நேரம் நீங்களும் ஒரு நூலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் அமருங்கள். பிரிட்டனில் ஓர் அரசு விட்டுக்கொடுத்த அந்த ஒரு மணி நேரத்தை, நம் வீடுகளில் நாமே மீட்டுக்கொள்ளலாம்.