செருப்பு கழன்றது தெரியாத கால்கள்

(நாச்சியாபுரத்தில் நடந்த ஆதரவாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நீங்கள் கொடுத்த காணிக்கை என்ன ஆயிற்று என்று சொல்வது எங்கள் கடமை. ஒரு சகோதரருடைய கதையாகவே அதைச் சொல்லுகிறோம்.

அவர் இந்தப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் சமைக்கிறவர். "டாக்டரம்மா, நடக்கும்போது செருப்பு கழன்று போவதே தெரியவில்லை. சோற்றைப் பிசைந்தால் விரல் கூடவில்லை" என்றார். வயதும் மூட்டுத் தேய்மானமும்தான் காரணம் என்று எண்ணி நாங்கள் மாத்திரை கொடுத்து அனுப்பினோம். அவரும் வாதம் என்று எண்ணி எண்ணெய் தேய்த்து வந்தார். ஆறு மாதம் கழித்து மகனுடைய தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. சிறுநீரும் அடக்க முடியவில்லை. அன்றுதான் எங்கள் தவறு எங்களுக்குப் புரிந்தது.

நோய் கழுத்தில் இருந்தது. கழுத்து எலும்புகளுக்குப் பின்னால், தண்டுவடத்தை ஒட்டி, மேலிருந்து கீழாக ஒரு நார்ப்பட்டை ஓடுகிறது. சிலருக்கு அந்த நார் மெல்ல மெல்ல எலும்பாகவே மாறிவிடுகிறது. சுண்டுவிரல் பருமனுள்ள தண்டுவடம் அதனால் நசுங்குகிறது. 1960-ல் ஜப்பானில் இது விவரிக்கப்பட்டபின், ஜப்பானியர் நோய் என்றே பலர் நினைத்தார்கள். நம் நாட்டிலும் இது உண்டு. சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் கூடுதலாகவே காணப்படுகிறது. நசுங்கிய தண்டுவடத்தை எம்.ஆர்.ஐ. காட்டும், எலும்பாகிய நாரை சி.டி. ஸ்கேன் தெளிவாகக் காட்டும்.

அவரை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினோம். 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே படுக்கையோடு தொடங்கிய ஊழியம் அது. இந்தியாவின் முதல் நரம்பியல் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் அங்கேதான் தொடங்கினார்.

அறுவை இரண்டு வழியாகச் செய்யப்படுகிறது. முன்பக்கமாகப் போனால், எலும்பின் நடுப்பகுதியைக் குடைந்து எடுத்து, இறுகிய நாரையும் நீக்கி, இடுப்பு எலும்பிலிருந்து ஒரு துண்டை அங்கே பொருத்துவார்கள். பல எலும்புகளில் நோய் பரவியிருந்தால் பின்பக்கமாகப் போய், கதவைத் திறப்பதுபோல எலும்பு வளைவைத் திறந்து, தண்டுவடத்துக்கு இடம் உண்டாக்குவார்கள். இறுகிய நார் தண்டுவடத்தின் உறையோடு ஒட்டியிருப்பதும் உண்டு. அதைப் பிடுங்கினால் உறை கிழியும். ஆகையால் மெல்லிய ஓடாக விட்டுவிடுவதும் உண்டு. இது மயிரிழை வேலை. கை கால் இன்னும் பலவீனமாகிவிடும் ஆபத்தும் இல்லாமல் இல்லை.

அறுவைக்குப்பின் பல மாதப் பயிற்சி வேண்டும். 1954-ல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை செய்தார். வேலூரில் 1966-ல் மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமாகவும் இருந்தார். விழுந்தவரை மீண்டும் நடக்கப் பழக்குவதும் மருத்துவமே என்பதற்கு அவரே சாட்சி.

நம் சகோதரர் இன்று கோலூன்றித் தனியே நடக்கிறார். சட்டைப் பொத்தானைத் தாமே போடுகிறார். ஆனால் அண்டாவைத் தூக்க முடியாது. விரல்களில் மரத்த உணர்ச்சி மாறவில்லை. அறுவை நசுக்கத்தை நீக்கும். பல நாள் நசுங்கிச் செத்த நரம்பை உயிர்ப்பிக்காது. ஆறு மாதம் முன்னே நாங்கள் அனுப்பியிருந்தால் இன்னும் நன்றாயிருந்திருப்பார் என்ற வேதனை எங்களை விட்டுப் போகவில்லை.

ஸ்கேனுக்கும், பயணத்துக்கும், உடன் சென்ற மகனின் சாப்பாட்டுக்கும், கழுத்துப் பட்டைக்கும் உங்கள் காணிக்கை உதவியது. இப்போது, நடை தடுமாறி வருகிற ஒவ்வொருவருடைய கழுத்தையும் நாங்கள் சோதிக்கிறோம். உங்களிடம் கேட்பது பணம் மட்டுமல்ல. உங்கள் தெருவில் செருப்பு கழன்றது தெரியாமல் நடக்கிறவர், சோறு பிசையத் தடுமாறுகிறவர் யாராவது இருந்தால், "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாதேயுங்கள். சீக்கிரமாய் எங்களிடம் அழைத்து வாருங்கள்.