கணனியும் சிற்றலை வானொலியும்



2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தை அலைக்கழித்தபோது மண் சரிந்தது, வீதிகள் அறுந்தன, பல இடங்களிற் கைத்தொலைபேசியும் ஊமையாயிற்று. உறவினர் உயிரோடு உளரா என்றறிய வழியின்றித் தவித்தோர் பலர். அவ்வேளை எமது நினைவுக்கு வந்தது 2004 டிசம்பர். ஆழிப்பேரலைக்குப் பின், விக்டர் குணதிலக்க அவர்களும் அமெச்சூர் வானொலித் தோழர்களும் சிற்றலைக் கருவி கொண்டு அம்பாந்தோட்டையைக் கொழும்பிலிருந்த பிரதமர் அலுவலகத்துடன் இணைத்தனர். ஊதியங் கருதாது வானொலி பயில்வோரே அமெச்சூர்கள்.

இன்று அவர்களுக்குக் கணனியும் துணை. விசைப்பலகையில் தட்டும் எழுத்தை மென்பொருள் ஓசையாக்கும். ஒலி அட்டை அவ்வோசையை வானொலிக்கு ஊட்டும். மறுமுனைக் கணனி அதனை மீண்டும் எழுத்தாக்கும். வாயாற் பேச ஏறத்தாழ 2,500 ஹேர்ட்ஸ் அகலம் வேண்டும். 1998 அளவில் இங்கிலாந்தின் பீற்றர் மார்ட்டினெஸ் பரப்பிய பி.எஸ்.கே.31 முறைக்கோ சில பத்து ஹேர்ட்ஸ் போதும். வலு முழுவதும் அச்சிறு இடத்திற் குவிவதால், காதுக்கு வெறும் இரைச்சலாகத் தோன்றுவதிலிருந்தும் கணனி சொல்லைப் பிரித்தெடுக்கும். இதற்குரிய எவ்.எல்.டிஜி மென்பொருள் இலவசமானது.

இதனினும் மெல்லிய சைகையைப் பிடிப்பது எவ்.ரி.8. நோபல் பரிசு பெற்ற பௌதிகவியலாளர் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கேயும் 2017இல் அளித்தது. ஆயின் நாமாக எழுதும் செய்தி 13 எழுத்துக்கு மேற் செல்லாது. தூர தேசத்து நிலையங்களைத் தேடிப் பிடிக்கும் விளையாட்டுக்கு நன்று. "லயத்தில் நால்வருக்குக் காயம், பாதை இல்லை" என்றறிவிக்க உதவாது. இளைஞர் அதிலேயே மயங்கி நிற்பது எமக்கு உடன்பாடன்று.

நம் தலவாக்கலையோ மலைகளுக்கிடையே கிடப்பது. கையிற் பிடிக்கும் வோக்கி-ரோக்கியின் அலை நேர்கோட்டிற் செல்வது. மலை குறுக்கிட்டால் நின்றுவிடும். 7 மெகாஹேர்ட்ஸ் அலையைத் தாழக் கட்டிய கம்பியிலிருந்து மேல்நோக்கி அனுப்பினால், பகலில் அயன மண்டலத்திற் பட்டு மலைக்கப்பால் இறங்கும். கம்பி சுமார் 20 மீற்றர். கட்ட இரு மரங்கள் போதும். மின்சாரம் நின்றால் மோட்டார் வண்டியின் பற்றரி.

ஆனால் அனுமதிப்பத்திரமின்றி ஒரு சொல்லேனும் அனுப்பலாகாது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி பெற்ற பின்னரே அழைப்புக்குறி கிட்டும். அதற்குப் பரீட்சையிற் சித்தியெய்த வேண்டும். இச்சபையில் அழைப்புக்குறி உடையவர் ஒருவரும் இல்லர்; பேசிக்கொண்டிருக்கும் எம்மிடமும் இல்லை.

கைத்தொலைபேசி இருக்க இஃது எதற்கென்று பெரியோர் சிலர் எம்மை வினவினர். நவம்பரில் அக்கைத்தொலைபேசி என்ன செய்தது என்பதை அவர்களே அறிவர். சங்க அறையிற் சும்மா கிடக்கும் பழைய கணனியையும் ஒரு பற்றரியையும் எம்மிடம் ஒப்படையுங்கள். அடுத்த பெருமழைக்கு முன் எம்முள் மூவரேனும் பரீட்சைக்கு அமர்வோம்.