கழற்ற முடிகிற பொருளை வாங்குங்கள்

(பண்ணை வானொலி நிகழ்ச்சியில் நாகமலை புதுக்கோட்டை மோட்டார் பட்டறைக்காரர் ஒருவர் ஆற்றிய உரை)

நான் நாகமலை புதுக்கோட்டையில் நாற்பது வருஷமாக மோட்டார் காயில் கட்டுகிற வேலை பார்ப்பவன். மேடைப் பேச்சு எனக்கு வராது. பட்டறையில் கண்டதைத்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

போன மாசம் செக்கானூரணிப் பக்கமிருந்து ஒரு பெரியம்மா, மிக்சியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். "ஏப்பா தம்பி, உளுந்து அரைக்கையில நின்னு போச்சு. கடையில காட்டுனேன், இது இனி ஆகாது, புதுசு வாங்கிக்கங்கன்னு சொல்லிட்டாக. நீயும் ஒரு தடவ பாரு" என்றார். நான் மிக்சியைக் கவிழ்த்தேன். அடிப்பக்கம் ஒரு சிவப்புப் பொத்தான் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. அதை உள்ளே அழுத்தினேன், மிக்சி ஓடியது. அவ்வளவுதான் வைத்தியம்! பாரம் கூடினால் மோட்டார் எரிந்துவிடாமல் தானாக நின்றுகொள்ள வைத்திருக்கிற பொத்தான் அது. "இதுக்குக் காசு வேணாம், ஆத்தா" என்றேன். அவரோ சந்தோஷப்படவில்லை. "புதுசு வாங்க குழுவுல கடன் எழுதிக் குடுத்திட்டேனேப்பா" என்றார். அந்தக் கடனை வாங்க வேண்டாமென்று சொல்லி அனுப்பி வைத்தேன்.

இதில் மிக்சியின் குற்றம் எதுவும் இல்லை. கவிழ்த்துப் பார்க்கிற ஆள் இல்லை என்பதுதான் குறை. இன்று என் பேச்சும் இதைப் பற்றித்தான். சாமான்களின் ஆயுசு குறைந்து வருகிறது. அதைச் சரிசெய்கிற கையும் நம் ஊர்களில் குறைந்து வருகிறது. இரண்டும் சேர்ந்து நம் மடிக்காசைக் கரைக்கின்றன.

பழையதெல்லாம் நல்லது, புதியதெல்லாம் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் காலத்து மோட்டார் கரண்டை அதிகமாகக் குடிக்கும். ஈயம் போன பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறும். ஆனால் அன்றைய சாமானைப் பிரிக்க முடியும். எங்கள் அய்யா வைத்திருந்த மண்வெட்டிக்குக் காம்பு பலமுறை மாறியது. தேய்ந்த வாயைக் கொல்லர் உலையில் காய்ச்சி அடித்துக் கொடுப்பார். களத்துமேட்டில் நெல் அளக்கும்போது அவருக்கு உள்ளதை அளந்துவிடுவோம். தேய்கிற பாகத்தை மட்டும் மாற்றுவது, மற்றதைக் காப்பாற்றுவது என்பதுதான் அன்றைய வழக்கம்.

அந்த வழக்கத்துக்கு இன்றும் ஒரு நல்ல உதாரணம் உங்கள் அடுப்பங்கரையிலேயே இருக்கிறது. குக்கரைச் சொல்கிறேன். அதில் முதலில் கெடுவது ரப்பர் வளையம். அடுத்தது மூடியிலுள்ள பாதுகாப்பு வால்வு. இரண்டும் சின்னக் கடையிலும் கிடைக்கும், வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். அதனால்தான் கல்யாணச் சீராக வந்த குக்கர், பேரன் பேத்தி எடுத்த பிறகும் சோறு பொங்குகிறது. எந்தப் பொருளையும் இந்தக் குக்கரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எது முதலில் கெடும், அது தனியாகக் கிடைக்குமா, நம்மால் கழற்ற முடியுமா? கடைக்காரரிடம் இந்த மூன்று கேள்வியையும் கேளுங்கள்.

இப்போது வருகிற பல சாமான்களில் திருகாணியே இல்லை. பசை வைத்து ஒட்டியிருப்பார்கள், அல்லது ரிவிட் அடித்திருப்பார்கள். உள்ளே பித்தளைப் பல்சக்கரம் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் பல்சக்கரம் இருக்கும். ஒரு பல் உடைந்தால் மொத்தத்தையும் தூக்கிப்போட வேண்டியதுதான். விலை மலிவாகத் தெரியும். ஆனால் விலையை வருஷத்தால் வகுத்துப் பாருங்கள். 1,500 ரூபாய்ச் சாமான் 2 வருஷம் உழைத்தால் வருஷத்துக்கு 750 ரூபாய். 4,000 ரூபாய்ச் சாமான், இடையில் 1,000 ரூபாய் பழுதுச் செலவு வைத்து 10 வருஷம் உழைத்தால் வருஷத்துக்கு 500 ரூபாய். இரண்டில் எது மலிவு என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆயுசைக் குறைப்பது எல்லா இடத்திலும் தற்செயலாக நடந்ததல்ல. 1924-ல் உலகத்துப் பெரிய பல்பு கம்பெனிகள் ஜெனீவாவில் கூடி, எங்கள் பல்பு 1,000 மணி நேரத்துக்கு மேல் எரியக்கூடாது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு செய்துகொண்டன. அதற்கு முன்பு அதைவிடக் கூடுதலாக எரிந்த பல்புகள் உண்டு. கூடுதலாக எரிகிற பல்பைச் செய்த கம்பெனிக்கு அபராதம்கூடப் போட்டார்கள். எல்லாக் கம்பெனியும் அப்படி என்று சொல்லிவிடக் கூடாது. ஆனால் வாங்குகிறவன் கேள்வி கேட்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இது ஒரு பாடம்.

இனி நம் மோட்டாருக்கு வருவோம். மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவருக்குச் சித்திரை வெயிலில் மோட்டார் நின்றால் என்ன பாடு என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பட்டறைக்கு எரிந்து வருகிற மோட்டார்களில் பாதிக்குமேல் நம் கைத்தவறால் எரிந்தவை என்பது என் அனுபவம்.

முதல் தவறு, ரிலேயைக் கட்டிவைப்பது. ஸ்டார்ட்டரில் இருக்கிற ஓவர்லோடு ரிலே அடிக்கடி விழுகிறது என்று தீக்குச்சியைச் செருகிவிடுகிறோம். மூன்று பேஸில் ஒன்று போய்விட்டால் மற்ற இரண்டிலும் கரண்ட் கூடிக் காயில் சூடேறும். ரிலே நிறுத்தியிருந்தால் மோட்டார் பிழைத்திருக்கும். தீக்குச்சி இருந்ததால் எரிந்தது. மோட்டார் தகட்டில் எழுதியுள்ள ஆம்பியருக்கு ரிலேயை வைத்துவிடுங்கள். ஒரு பேஸ் போனால் தானாக நிறுத்துகிற கருவியையும் பொருத்திக்கொள்ளுங்கள். அதன் விலை காயில் கட்டுகிற கூலியோடு பார்த்தால் மிகவும் குறைவு.

இரண்டாவது தவறு, தண்ணீர் நிரப்புகிற வகைச் சப்மெர்சிபிள் மோட்டாரை உள்ளே தண்ணீர் நிரப்பாமலே போரில் இறக்குவது. சுத்தமான தண்ணீரை, காற்றுக் குமிழி வெளியேறி முடிகிறவரை ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் அடியில் பாரம் தாங்குகிற பேரிங் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

மூன்றாவது, காயில் கட்டக் கொடுக்கும்போது கம்பியைப் பார்க்காமல் விடுவது. தாமிரக் கம்பியா, அலுமினியக் கம்பியா என்று கேளுங்கள். ஒரே கனமுள்ள கம்பியில், தாமிரம் கடத்துகிற கரண்டில் சுமார் 60 சதவீதம்தான் அலுமினியம் கடத்தும். அலுமினியத்துக்கென்றே தடித்த கம்பி போட்டுச் செய்த மோட்டார் வேறு. தாமிரம் இருந்த இடத்தில் அதே அளவு அலுமினியத்தைச் சுற்றினால் சூடேறி எரிந்துவிடும். மேலே சிவப்பாகத் தெரிகிறதென்று நம்பிவிடாதீர்கள். கத்தியால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது தாமிரம் அல்ல.

வீட்டில் மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கண்டென்சர்தான் சோர்ந்திருக்கும். விசிறியை மாற்ற வேண்டியதில்லை. மிக்சி மோட்டார் ஓடியும் ஜாடி சுற்றவில்லையென்றால் நடுவிலுள்ள கப்ளர் உடைந்திருக்கும். மோட்டாரைக் காப்பாற்ற அது உடைவதே நல்லது. பேட்டரித் தெளிப்பானை மருந்தடித்து முடிந்ததும் சார்ஜ் ஏற்றி வையுங்கள். காலியாகவே அடுத்த பருவம்வரை மூலையில் கிடந்தால் பேட்டரி செத்துப்போகும். எதைக் கழற்றினாலும் முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கண்டென்சர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அடிக்கும். பழகாதவர்கள் அதில் கை வைக்க வேண்டாம். வாரண்டி உள்ள பொருளையும் வாரண்டி முடிகிறவரை நாமாகப் பிரிக்கக் கூடாது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. தெருவில் "ஈயம் பூசுறது" என்று குரல் கொடுத்து வருகிறவர்களை இப்போது காண்பதே அரிதாகிவிட்டது. அதனால் நல்ல பித்தளை அண்டாவும் குண்டாவும் எடைக்குப் போகின்றன. ஆள் கிடைத்தால் பூசிக்கொள்ளுங்கள். ஆனால் பூசுவது சுத்தமான வெள்ளீயம்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று காரீயம் கலந்ததைப் பூசினால், அது குழந்தைகளின் மூளையைக் கெடுக்கிற விஷம். முடிந்தால் நம்பகமான கடையில் வெள்ளீயத்தை நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

இனிச் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறேன். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து விவசாயிகளுக்கும் நம்மைப் போலவே ஒரு தொல்லை இருந்தது. சொந்த டிராக்டர் பழுதானாலும் கம்பெனி ஆள் வந்து கம்ப்யூட்டர் வைத்துப் பார்த்தால்தான் ஓடும். வேலை நாளில் வண்டி சும்மா நின்றது. அவர்கள் விடாமல் கேட்டதன் பேரில் 2023-ல் அங்கே சட்டம் வந்தது. உதிரிபாகம், கருவி, விளக்கப் புத்தகம் எல்லாவற்றையும் விவசாயிக்கும் உள்ளூர் மெக்கானிக்குக்கும் கம்பெனி கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. 2024 ஜனவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் துறை, பழுது பார்க்கும் உரிமைக்காக 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. முதலில் எடுத்துக்கொண்ட நான்கு இனங்களில் விவசாயக் கருவியும் ஒன்று. மற்றவை செல்போன், வீட்டுச் சாமான், வாகனம். அதே வருஷம் டிசம்பர் 24-ல், உதிரிபாகம், பழுது பார்க்கிற விவரங்களைக் கம்பெனிகள் வெளியிடுவதற்காக ஒரு வலைத்தளமும் தொடங்கினார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளை விட்டு அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எதை வாங்கினாலும் பில் வாங்குங்கள். பில் தர மறுப்பதே 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். குறை இருந்தால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வாங்கிய விலை 5 லட்ச ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் குறை ஏற்பட்ட 2 வருஷத்துக்குள் மனுச் செய்துவிட வேண்டும்.

சட்டம் உதிரிபாகத்தைக் கொண்டுவரலாம். அதை மாட்டுகிற கைக்கு எங்கே போவது? இதுதான் எனக்குப் பெரிய கவலை. என் பட்டறையில் ஒரு காலத்தில் என்னோடு நான்கு பேர் இருந்தார்கள். இன்று நான் ஒருத்தன்தான். பழைய காயிலை அறுப்பதற்கு முன்னால் சுற்று எத்தனை, கம்பி என்ன கேஜ், எந்தக் காடியிலிருந்து எந்தக் காடிக்குப் போகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்வது புத்தகத்தில் பாதிதான் வரும். மீதி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் வரும். என் கண் மங்கிக்கொண்டு வருகிறது.

பையன்கள் ஏன் வரவில்லை? 10,000 ரூபாய் செல்போனைக் கேட்ட விலைக்கு வாங்குகிற நாம், பழுது பார்த்தவனிடம் 20 ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். "சும்மா நாலு திருகாணியைத் திருகுனதுக்கு இம்புட்டா?" என்கிறோம். எந்தத் திருகாணி என்று தெரிந்துகொள்ள அவனுக்கு எத்தனை வருஷம் ஆயிற்று என்று நினைப்பதில்லை. வேலைக்கு உரிய கூலியைக் கொடுத்தால்தான் அந்த வேலை ஊரில் நிற்கும்.

படித்துவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு வழி இருக்கிறது. அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் படிப்பு உண்டு. நம் மதுரையில் கே.புதூரில் இருக்கிறது. வங்கிகள் நடத்துகிற கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் மோட்டார் ரீவைண்டிங் போன்ற குறுகிய காலப் பயிற்சியை இலவசமாகவே தருகிறார்கள். எப்போது வகுப்பு தொடங்குகிறது என்று நேரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். பெண்பிள்ளைகளையும் அனுப்புங்கள். காயில் சுற்றுவதற்குப் பொறுமையான விரல்தான் வேண்டும். பூக் கட்டுகிற விரலுக்கு அது தானாக வரும்.

ஊருக்கு ஊர் ஒரு யோசனை. ஆடிப்பட்டம் தொடங்குவதற்கு முன் ஒருநாள் எல்லாரும் தெளிப்பான், மண்வெட்டி, மோட்டார் ஸ்டார்ட்டர், கிரைண்டர் எல்லாவற்றையும் சாவடிக்குக் கொண்டு வாருங்கள். ஒரு கொல்லரையும் ஒரு மெக்கானிக்கையும் அழைத்துக் கூலி பேசிக்கொள்ளுங்கள். பையன்களைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். சாமானும் சரியாகும், நாலு பேருக்கு வேலையும் பழகும்.

என் பங்குக்கு நானும் ஒன்று சொல்கிறேன். எங்கள் நாகமலை புதுக்கோட்டைக்கு வந்து காயில் கட்டுகிற வேலையைக் கற்றுக்கொள்ள விரும்புகிற பிள்ளை யாராக இருந்தாலும் வரட்டும். பழக்கிக் கொடுக்கக் காசு வாங்க மாட்டேன். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். என் கண் தெரிகிற மட்டும் சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் சீக்கிரம் அனுப்புங்கள்.