எந்த பட்டனை அழுத்தினாலும் கடைசி ஆர்டர் கேன்சல்!

இன்னைக்கு ஒரு பட்டனைப் பத்திப் பேசப் போறேன். நான் எழுதின பட்டன்தான்.

எங்க ஊர் மளிகைக்கடை அண்ணாச்சிக்கு ஆர்டர் பக்கம் ஒண்ணு செஞ்சு கொடுத்திருந்தேன். ஒவ்வொரு ஆர்டர் பக்கத்துலயும் ஒரு கேன்சல் பட்டன். ஒருநாள் 12 ஆர்டர் இருந்தது. மூணாவதை கேன்சல் பண்ணினார். ஆனா போனது பன்னிரண்டாவது. அது ஒரு அம்மா மறுநாள் வீட்டு விசேஷத்துக்குக் கேட்டிருந்த 25 கிலோ அரிசி. காலையில அண்ணாச்சி போன்: "தம்பி, நான் தொட்டது ஒண்ணு, போனது ஒண்ணு. அந்தம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

என்ன நடந்ததுன்னா, ஃபார் லூப்புக்குள்ள ஆர்டர் எண்ணை 'வார்' போட்டு வெச்சிருந்தேன். லூப் எத்தனை தடவை சுத்தினாலும் 'வார்' ஒரே ஒரு மாறிதான். கிளிக் ஹேண்ட்லர் அந்த மாறியைத்தான் ஞாபகம் வெச்சுக்கும். அப்போது அதில் இருந்த மதிப்பை அல்ல. யாரோ பட்டனை அழுத்தும்போது லூப் எப்பவோ முடிஞ்சிருக்கும். மாறியில் கடைசி எண்தான் மிச்சம்.

'வார்' இருந்த இடத்தில் 'லெட்' போட்டாலே இது சரியாகிவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் தனி மாறி கிடைக்கும். 2015-ல் ஜாவாஸ்கிரிப்டுக்கு வந்த வசதி இது.

ஆனா நான் அதோட நிறுத்தலை. எண்ணை பட்டன் மேலேயே ஒட்டிட்டேன். எச்டிஎம்எல்-லில் 'டேட்டா-ஆர்டர்-ஐடி' என்று ஒரு பண்பு கொடுத்தால், ஜாவாஸ்கிரிப்டில் அந்த பட்டனின் 'டேட்டாசெட்' மூலம் எடுக்கலாம். அங்கே நடுவில் உள்ள ஹைபன் போய், அடுத்த எழுத்து பெரிய எழுத்தாகிவிடும். பட்டனுக்குப் பட்டன் ஹேண்ட்லரும் வேண்டாம். மொத்த பட்டியலுக்கும் ஒண்ணு போதும். பிறகு சேரும் ஆர்டருக்கும் அதுவே வேலை செய்யும்.

இதில் மூணு இடத்துல கால் இடறும். ஒண்ணு, பட்டனுக்குள்ள குப்பைத்தொட்டி ஐகான் இருந்தா, 'ஈவென்ட் டார்கெட்' அந்த ஐகானாக இருக்கலாம். அதில் எண் இருக்காது. 'குளோசஸ்ட்' போட்டு மேலே இருக்கிற பட்டனைப் பிடிக்கணும். ரெண்டு, டேட்டாசெட்டில் வருவது எப்பவும் எழுத்துச்சரம்தான். 10-உடன் 1-ஐக் கூட்டினால் 11 வராது, 101 வரும். மூணு, பக்கத்தில் இருக்கும் எண்ணை பிரவுசரில் யார் வேண்டுமானாலும் மாற்றலாம். அதனால் இந்த ஆர்டரைத் தொட இவருக்கு உரிமை உண்டா என்பதை சர்வர்தான் சரிபார்க்கணும்.

சரி, இதை நான் ஏன் முன்னாடியே கண்டுபிடிக்கலை? சோதிச்சப்போ ஒரே ஒரு ஆர்டர்தான் போட்டிருந்தேன். ஒண்ணே ஒண்ணு இருந்தா, முதலும் அதுதான், கடைசியும் அதுதான். தப்பு வெளியே தெரிய வழியே இல்லை.

அண்ணாச்சி அன்னைக்கே தன் வண்டியிலேயே அரிசியைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டார். என்னைத் திட்டவும் இல்லை. அதுதான் எனக்கு ரொம்ப உறுத்துச்சு.

அதுக்கப்புறம் எந்தப் பட்டியல் செஞ்சாலும் குறைஞ்சது மூணு வரி போட்டு, நடுவில் இருப்பதை அழுத்திப் பார்ப்பேன். நீங்களும் இன்னைக்கே உங்க பக்கத்துல ஒருதடவை அழுத்திப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.