சிறுவர் வாசிக்கக் கற்றல்
(நமது சங்கத்தின் அரியலூர்க் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நம் சிறுவருள் பலர் பாடத்தை மடமடவென்று ஒப்பிக்கின்றனர், நாமும் மகிழ்கிறோம். அதன் நடுவிலுள்ள ஒரு சொல்லைத் தனியே காட்டி வினவினாலோ விழிக்கின்றனர். மனப்பாடம் வேறு, வாசிப்பு வேறு.

உயிர்மெய் 216 ஆயினும் அவற்றை ஆக்கும் குறிகள் சிலவே. ஆனால் 'கெ' என்பதில் பின்னர் ஒலிக்கும் உயிரின் கொம்பு முன்னர் நிற்கிறது. 'கொ' என்பதிலோ இருபுறமும் குறி. குழந்தை தடுமாறுமிடம் இதுவே. இதனைச் சோம்பலென்று தண்டிப்பது அநியாயம்.

திண்ணைப் பள்ளியிற் பிள்ளைகள் வாயாற் சொல்லிக்கொண்டே விரலால் மணலில் எழுதினர். சென்னையில் இதனைக் கண்ட ஆண்ட்ரூ பெல் பாதிரியார் 1797-ல் நூலெழுதி இங்கிலாந்திற் பரப்பினார். அம்மணல் நம் வாசலிலேயே கிடக்கிறது! உ. வே. சாமிநாதையர் இளமையில் இவ்வரியலூரிலும் குன்னத்திலும் தமிழ் பயின்றாரென்று பெருமை பேசுகிறோம். அதனால் நம் பிள்ளைக்கு எழுத்து வந்துவிடுமா?

அரசாங்கத்தார் 2022-ல் முதல் மூன்று வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கினர். உபாத்தியாயர் தம் கடமையைச் செய்வர். பருத்திக் காட்டிலிருந்து இருட்டித் திரும்பும் பெற்றோருக்கு அவகாசம் குறைவே. எனினும் எழுத்தறியாத தாயும் ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்கலாம். பிள்ளை விழிப்பதே விடையாகும்.

நம் சங்கம் கல்லூரி மாணாக்கருக்கு மட்டுமே உபகாரச் சம்பளம் அளித்து வருகிறது. மூன்றாம் வகுப்பில் வாசிக்கமாட்டாத குழந்தை கல்லூரி வாசலை எங்ஙனம் மிதிக்கும்? அந்நிதியில் ஒரு பகுதியைக் கொண்டு, மாலைதோறும் சிறுவரை அருகிருத்தி வாசிக்கக் கேட்பதற்கு ஊருக்கு ஒருவரை நியமிக்குமாறு இம்மகாசபையாரைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.