வேலிக் கல்லில் ஓர் உபயம்



தைப்பூசத்தின்போது வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் போகையில் டத்தோ கிராமாட் சாலையில் நின்று தேங்காய் உடைக்காத பினாங்குத் தமிழ்க் குடும்பம் அபூர்வம். அந்தச் சாலைக்கு அருகிலேயே பி. ரம்லி சாலை. 1929இல் கலைஞர் பி. ரம்லி பிறந்த வீட்டைப் பார்க்க ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அதே சாலையில் ஜப்பானியர் இடுகாடு ஒன்றும் இருக்கிறது. அதற்குள் கால் வைக்கிறவர்கள் மிகக் குறைவு.

ஜப்பான் என்றாலே நம் வீட்டுப் பெரியவர்களுக்கு 1941 டிசம்பர்தான். ஜார்ஜ்டவுனில் விழுந்த குண்டுகள், பிறகு சயாம் மரண ரயில். அந்த வலி நியாயமானது. ஆனால் இந்த இடுகாட்டின் சிறு சிறு கற்களில் பல அந்தப் போருக்கு வெகுகாலம் முந்தியவை. சிந்த்ரா தெருவைச் சீனர்கள் 'ஜப்பான் தெரு' என்றும், கம்போங் மலபாரை 'ஜப்பான் புதுத்தெரு' என்றும் அழைத்த காலத்தைச் சேர்ந்தவை. அங்கே ஜப்பானியர் கடைகள் இருந்தன. விலைமாதர் விடுதிகளும் இருந்தன. அந்த விடுதிகளில் வாழ்ந்து, இளவயதிலேயே செத்துப்போன பெண்களும் இந்த மண்ணில்தான் கிடக்கிறார்கள்.

கராயுகி-சான் என்று அவர்களுக்குப் பெயர். அயல்நாடு போனவள் என்று பொருள். கியூஷு தீவின் ஷிமாபாரா, அமாகுசா பகுதிகளிலிருந்து வந்தவர்களே அவர்களில் அதிகம். கியோட்டோ தெரிந்த அளவுக்கு நமக்கு ஷிமாபாராவைத் தெரியாது.

எரிமலையின் காலடியில் கடலைப் பார்த்தபடி இருக்கும் கோட்டை நகரம் அது. அந்தக் கோட்டையைக் கட்ட 1618இல் தொடங்கினார்கள். அதற்கான வரி குடியானவனின் முதுகெலும்பை முறித்தது. 1637இல் ஊரே கிளர்ந்தெழுந்தது. கிறிஸ்தவத்தைத் தழுவியிருந்த அந்த ஏழை மக்களுக்கு அமாகுசா ஷிரோ என்ற பதின்வயதுப் பையன் தலைமை தாங்கினான். மறு ஆண்டு, ஹாரா என்ற வேறொரு கோட்டையில் ஒடுங்கியிருந்தவர்களை ஏறக்குறைய முழுவதுமாகக் கொன்று தீர்த்தார்கள். 1792இல் மலைச்சரிவு கடலுக்குள் விழுந்து ஆழிப்பேரலை எழுந்ததில் சுமார் 15,000 பேர் போனார்கள்.

இவ்வளவு பட்ட ஊரில் தண்ணீர் மட்டும் பளிங்காக இருக்கிறது. சாமுராய் குடியிருப்புத் தெருவின் நட்டநடுவே கல் பாவிய வாய்க்கால் ஒன்று ஓடுகிறது. ஒரு காலத்தில் அதுதான் அங்குள்ளவர்களின் குடிநீர். இன்னொரு தெருவோர வாய்க்காலில் வண்ணக் கெண்டைகள் நீந்துகின்றன. ஊற்றுநீரில் குளிரவைத்த அரிசிமாவு உருண்டைகளைப் பாகில் போட்டு, 'கன்சராஷி' என்று தருவார்கள். நம் பால்கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஷிமாபாரா தீபகற்பத்தின் தென்கோடியில் குச்சினோட்சு துறைமுகம். நிலக்கரி ஏற்றுமதி செய்த இடம். வறுமையில் விற்கப்பட்ட பெண்களைக் கப்பலின் கரிக் கிடங்கில் ஒளித்துவைத்து அனுப்பினார்கள். ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு அந்த இருட்டைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

ஷிமாபாராவில் ஒரு கோயில் இருக்கிறது. தென்கிழக்காசியாவில் யாத்திரை செய்து திரும்பிய துறவி ஒருவர் 1909இல் அங்கே ஒரு கோபுரம் எழுப்பினார். அதைச் சுற்றிக் கல் வேலி. வரிசையாக நிற்கும் அந்தக் கல்தூண்களில் எழுத்து பொறித்திருக்கிறது. என்ன எழுத்து தெரியுமா? கடல் கடந்த ஊர்ப் பெயர், பெண்ணின் பெயர், அவள் அனுப்பிய தொகை.

நம் கோயில் படிக்கட்டிலும் குத்துவிளக்கிலும் 'உபயம்' என்று பெயர் வெட்டுவோமே, அதே வழக்கம். அந்தக் கராயுகி-சான் பெண்கள் உடலை விற்றுச் சேர்த்த காசு அது. அதைத் துறவி வாங்க மறுக்கவில்லை, பெயரை மறைக்கவும் இல்லை. கோட்டையைவிட இந்த வேலிதான் அந்த ஊரின் பெரிய சொத்து என்பேன்.

பி. ரம்லி வீட்டுக்குப் போகும் நாளில், கூடவே அந்த இடுகாட்டு வாசலிலும் ஒரு நிமிடம் நில்லுங்கள், நேயர்களே. ஷிமாபாராவில் பெயர் பொறித்திருக்கும் பெண்களோடு ஒரே கப்பலில் வந்தவள் யாராவது இங்கே படுத்திருக்கக்கூடும்.