வீட்டில் கேட்ட பேச்சு

இன்று தொடர்பியலில் முதுகலைப் பட்டம் பெறும் உங்களுக்கு வாழ்த்துகள். பின்வரிசையில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்கும் வாழ்த்துகள். அவர்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

புதுச்சேரியில் ஒரு பிள்ளை தொடர்பியலில் எம்.ஏ. சேரப்போகிறேன் என்றால் வீட்டில் என்ன நடக்கும் என்பது ஊரறிந்த விஷயம். "ஜிப்மர்ல ஏதாவது கோர்ஸ் கிடைக்காதா?" என்பார் அப்பா. "இதுக்கு மேல படிச்சு என்ன? கவர்ன்மெண்ட் பரீட்சை எழுது" என்பார் மாமா. "டிவியில செய்தி வாசிப்பியாடி?" என்று பாட்டி மட்டும் ஆசையாகக் கேட்பார். விஸ்காம் படித்தவர்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: "கல்யாணத்துக்குப் படம் எடுக்க எம்.ஏ. எதுக்கு?"

இந்தக் கேள்விகளைக் கேட்டுச் சிரிப்பது சுலபம். ஆனால் கேட்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல. சின்னசாமி ஐயருக்குத் தன் மகன் கணக்கும் இயந்திரமும் படிக்க வேண்டும் என்று ஆசை. மகன் பாரதியோ பத்திரிகைக்குப் போனார். 1908-இல் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். அவர் எழுதிவந்த 'இந்தியா' இதழும் அவரைத் தொடர்ந்து இங்கே வந்தது. ஆங்கிலேயர் தம் எல்லைக்குள் அதைத் தடுத்தார்கள். 1910-இல் இதழ் நின்றுபோனது. அதன் பிறகும் பல ஆண்டுகள் இங்கே அடுப்பெரிய வேண்டியிருந்தது. அந்தக் கணக்கைப் பார்த்தவர் பாரதியின் மனைவி செல்லம்மாள். இந்தத் தொழிலின் விலை என்ன என்று அவரைக் கேட்டிருந்தால், எந்தப் பேராசிரியரையும்விடத் தெளிவாகச் சொல்லியிருப்பார். உங்கள் அம்மா தயங்கினார் என்றால், அந்தத் தயக்கத்துக்கு இந்த ஊரிலேயே ஆதாரம் இருக்கிறது.

ஆனால் அதே வீடுகளில் வேறொன்றும் நடந்தது. பாரதியின் மகள் தங்கம்மாள் தந்தையைப் பற்றி எழுதினார். 'இந்தியா'வை நடத்திய மண்டயம் சீனிவாசாச்சாரியாரின் மகள் யதுகிரி, சிறுமியாகப் பார்த்த பாரதியைப் பிற்காலத்தில் நினைவுக் குறிப்புகளாக எழுதிவைத்தார். எழுது என்று யாரும் அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. கூடத்தில் பெரியவர்கள் பேசினார்கள். பிள்ளைகள் காதில் விழுந்தது. குடும்பத்தின் செல்வாக்கு பெரும்பாலும் அறிவுரையாக வருவதில்லை, இப்படித்தான் வருகிறது.

இதற்கு இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. நைனியப்பப் பிள்ளை பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகர். 1716-இல் அவரைக் கைது செய்து வழக்குத் தொடுத்தார்கள். சாட்சிகள் சொன்னது தமிழில். அது போர்த்துகீசியத்துக்குப் போய், பிரெஞ்சில் எழுதப்பட்டது. தண்டனை பெற்ற நைனியப்பர் 1717-இல் சிறையிலேயே இறந்தார். அவர் மகன் குருவப்பர் கடல் கடந்து பிரான்சுக்கே போய் நியாயம் கேட்டார். செவாலியே பட்டத்தோடு திரும்பி, தந்தை வகித்த பதவியில் தானே அமர்ந்தார்.

நைனியப்பர், திருவேங்கடம் பிள்ளையின் மைத்துனர். திருவேங்கடத்தைச் சென்னையிலிருந்து இங்கே வரவழைத்தவரும் நைனியப்பரே. திருவேங்கடத்தின் மகன் 1709-இல் பிறந்தவன். மாமன் சிறையில் செத்தபோது எட்டு வயதுப் பையன். பெயர் ஆனந்தரங்கன். அந்த வீட்டில் எத்தனை இரவு அந்த வழக்கைப் பேசியிருப்பார்கள்? பின்னாளில் அவர் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷி ஆனார். 1736 தொடங்கி 1761 வரை, கண்டதையும் கேட்டதையும் தன் தமிழில் எழுதிக்கொண்டே போனார்: எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி போட்டார்கள், துய்ப்ளேக்சின் மனைவி யாரிடம் என்ன வாங்கினார் என்பது வரை. அந்த அம்மாளை அவருக்குப் பிடிக்காது. அதை மறைக்கவும் இல்லை. தம் குடும்பத்தார் பேச்சு பிறர் மொழியில் பிறர் கையால் எழுதப்பட்டதன் விளைவைப் பார்த்த பையன், வளர்ந்ததும் தானே எழுதினார் என்று நான் நினைக்கிறேன். ஆவணம் எதுவும் இதைச் சொல்லவில்லை, என் ஊகம்தான். வரலாற்றுத் துறை ஆசிரியர்கள் மன்னிக்கவும்.

ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டிருந்தபோது, பிரெஞ்சுக்காரர் சரணடைவதற்கு நான்கு நாள் முன்பு ஆனந்தரங்கர் இறந்தார். எழுத்து நிற்கவில்லை, குடும்பத்தில் அடுத்தடுத்தவர்கள் தொடர்ந்தார்கள். வீட்டிலேயே கிடந்த அந்த நாட்குறிப்பு 1846-இல்தான் வெளியார் கண்ணில் பட்டது.

உங்கள் வீடுகளிலும் இப்படிக் கதைகள் கிடக்கும். உங்களில் சிலர் சொல்தா வீட்டுப் பிள்ளைகள், பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களின் வழி வந்தவர்கள். உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன், மற்றவர்களும் செய்யலாம். 1962 ஆகஸ்ட் 16-இல் இந்த ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. அந்த ஆறு மாதம் உங்கள் வீட்டில் என்ன பேசினார்கள்? எந்தத் தாத்தா கையெழுத்துப் போட்டார், எந்தத் தாத்தா போடவில்லை, அண்ணன் தம்பிக்குள் யார் யாரோடு பேச்சை நிறுத்தினார்கள்? அன்று இருபது வயதில் இருந்தவர்களுக்கு இன்று எண்பதுக்கு மேல். எம்.ஏ. எதற்கு என்று கேட்ட அதே மாமாவைக் கூட்டிக்கொண்டு, கைப்பேசியில் பதிவைப் போட்டுவிட்டு, இந்த வாரமே அவர்கள் முன்னால் போய் உட்காருங்கள். பட்டத்துக்குச் சட்டம் போடுவதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.